பெயர் ஒட்டாத டப்பா

அந்த டப்பாவை முதலில் அரிசிப் பாத்திரத்துக்குள்தான் ஒளித்து வைத்தேன். அம்மா அரிசி அள்ள வந்ததும் பதறிப்போய் எடுத்து ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டேன். அங்கே வைத்தால் வெயிலில் கிரீம் உருகிவிடுமே என்று தோன்றியது. உருகினால் உனக்கென்னடி, தூக்கி எறிய வேண்டிய பொருள்தானே என்று என்னை நானே திட்டிக்கொண்டே மறுபடி எடுத்து, என் அலமாரியில் பழைய பள்ளிச் சீருடைக்குள் சுருட்டி வைத்தேன். ஒரே நாளில் மூன்று இடம். என் தங்கை நிக்கெனின் கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

நிக்கெனின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு கன்னமும் தீயில் வாட்டியதுபோல் சிவந்து கிடந்தன. தாடையில் சீழ் வைத்த பருக்கள் கொத்துக் கொத்தாக. நெற்றியில் மயிர் தொடங்கும் இடம் வரைக்கும் சின்னச் சின்னக் கொப்புளங்கள். ஒருக்களித்துப் படுக்க முடியாமல் மல்லாந்தே கிடந்தாள். மின்விசிறிக் காற்று பட்டாலே எரிகிறது என்றாள். கண்ணாடியை அவளே கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள்.

இதற்குக் காரணம் நான்தான். சுற்றி வளைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டு வருடமாக நான் முகக் கிரீம் விற்றுக்கொண்டிருந்தேன். வெள்ளை டப்பா, பெயர் கிடையாது, ஊர் கிடையாது, மூடியைத் திறந்தால் ரோஜா வாசனை. டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்த கலவை என்று எனக்கு மொத்தமாகச் சப்ளை செய்தவள் சொன்னாள். எந்த டாக்டர் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளம்பரத்துக்கு நிக்கெனின் முகம். கிரீமுக்கு முன்பு, கிரீமுக்குப் பின்பு என்று இரண்டு படம் போட்டால் போதும், எங்கள் சோலோ நகரமே என் போனுக்குள் வந்து விழும். மடியுன் ஊரில் இருந்து மாப்பிள்ளை டனாங்கின் அக்கா தந்த்ரிகூட மாதம் தவறாமல் மூன்று டப்பா வாங்குவாள், அலுவலகத் தோழிகளுக்கு என்று.

யாராவது முகம் எரிகிறது என்று எழுதினால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "சிவந்தா வேல செய்யுதுன்னு அர்த்தம். உரிஞ்சா உள்ள இருக்கிற அழுக்கு வெளிய போகுதுன்னு அர்த்தம். நிறுத்திடாதீங்க." எத்தனை பேருக்கு இதை அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கிரீம் சப்ளை செய்தவளின் போன் போன மாதம் அணைந்துபோனது. அதிகாரிகள் வந்து அவள் வீட்டுக்குச் சீல் வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். என் கையில் ஒரே ஒரு டப்பா மிச்சம். கிரீம் இல்லாமல் போன பத்தாவது நாளில் நிக்கெனின் முகம் வெடிக்க ஆரம்பித்தது. என் போனிலும் செய்திகள் வந்து குவிந்தன. எல்லாம் ஒரே மாதிரி: அக்கா, முகம் எரியுது. அக்கா, டப்பா எப்ப வரும். நான் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை வீட்டுக்குள் அடைத்து வைப்பது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை அவளைப் பார்க்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன் நிக்கென் இதைக் கேட்டுச் சிரித்தவள். "இந்தக் காலத்துல யாரும்மா இதெல்லாம் பாக்கிறாங்க?" என்று அம்மாவைக் கேலி செய்தாள். இப்போது அம்மாவைவிட அவள்தான் கறார். டனாங் வீடியோவில் அழைத்தால் கேமராவைக் கூரைக்குத் திருப்பிவிடுவாள்.

"எனக்கு உங்க வீட்டுக் கூரையப் பாத்துப் பாத்து மனப்பாடமே ஆயிடுச்சு," என்றான் டனாங். மடியுனில் ரயில் எஞ்சின் பழுதுபார்க்கிற ஆள், சிரிக்காமல் ஜோக்கடிப்பான். "பேசறதுக்குமா சம்பிரதாயம்?"

"ஆமா. கல்யாணத்தன்னிக்குப் பாத்துக்க."

போனை வைத்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுவாள். கன்னத்தில் கண்ணீர் பட்டால் எரியும் என்பதால் அழும்போது குனிந்துகொள்வாள். கண்ணீர் தரையில் சொட்டும்.

வீட்டில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். அம்மா வெற்றிலையை வேகவைத்த தண்ணீரால் கழுவச் சொன்னாள். வேர்க்கடலை, முட்டை, சம்பல் மிளகாய்த் துவையல் எல்லாவற்றையும் அடுக்களையில் இருந்தே ஒழித்துக்கட்டினாள். அப்பா புறாக்கூண்டுப் பக்கமே குடியிருந்தார். பார்னி சித்தி வந்தாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள், அவளுக்கு அது பிறவிக் குணம்.

"பற்பசை தடவுடி, ராத்திரியே சுருங்கிடும்."

"தடவியாச்சு சித்தி," என்றாள் நிக்கென்.

"எலுமிச்ச?"

"அதுவும்."

"பூண்டு?"

"சித்தி, நான் என்ன மீனா? மசாலா தடவிப் பொரிக்கப் போறியா?"

சித்தி அசரவில்லை. என்னைப் பார்த்துத் திரும்பினாள். "ஏன் ரெத்னோ, ஊருக்கெல்லாம் மூஞ்சிய வெளுத்துக் குடுக்கிறியே, உன் தங்கச்சிக்கு ஒண்ணுமில்லியா?" எனக்கு வந்த கோபத்துக்கு அவள் குடித்துக்கொண்டிருந்த ஜாமு மூலிகைக் கஷாயக் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

கடைசியில் நான்தான் அவளைத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அடைபட்ட பெண் வெளியே போகக் கூடாது என்று அம்மா குதித்தாள். முகமூடி, ஹெல்மெட், முழுக்கை ஜாக்கெட் எல்லாம் மாட்டி, யார் கண்ணிலும் படாமல் சந்து வழியாக ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஹெல்மெட் என் முதுகில் இடித்துவிடாமல் விலகியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் தியூர் வேறு தீவிலிருந்து வந்த பத்தாக் இனத்தவர். முப்பது வயதுகூட இருக்காது. எங்களூர்க்காரர்கள் மாதிரி ஒரு விஷயத்தைப் பூசி மெழுகத் தெரியாத பெண்.

"என்ன போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

நிக்கென் சொன்னாள். டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "பேர் ஒட்டாத வெள்ள டப்பா. மூடியத் திறந்தா ரோஜா வாசன. சரியா? இந்த வாரம் நீங்க ஏழாவது ஆள்."

நான் நாற்காலியில் ஒடுங்கிக்கொண்டேன்.

"அதுல எரிச்சலயும் சிவப்பயும் அமுக்கி வைக்கிற ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கு. போடற வரைக்கும் பளபளன்னு இருக்கும். நிறுத்துனா இதான். இனிமே எதுவும் வேண்டாம். பற்பசை, எலுமிச்ச, வெத்தல, ஒண்ணும் வேண்டாம். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மிதமான சோப்பு போட்டுக் கழுவுங்க. தேய்க்காம ஒத்தி எடுங்க. வாசனையே இல்லாத சாதாரண களிம்பு தர்றேன். ஒரு மாத்திர தர்றேன். கையை வெச்சுக்கிட்டு சும்மா இருங்க, கிள்ளாதீங்க. வெயில்ல போகாதீங்க. ரெண்டு மூணு மாசத்துல சரியாகும்."

"மூணு மாசமா?" நிக்கென் எழுந்தேவிட்டாள். "எனக்குப் பத்து நாள்ல கல்யாணம் டாக்டர்!"

"அப்போ கல்யாணத்துக்குப் பருவும் வரும். என்ன பண்றது?" டாக்டர் சிரித்தார். பிறகு முகம் மாறியது. "ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா வேற யாராவது சொல்வாங்க. மறுபடி அதே கிரீமைப் போட்டா மூணே நாள்ல அடங்கிடும். அப்புறம் இதைவிட ரெண்டு மடங்கா வரும். அதுக்கப்புறம் அத சரிபண்ண நானே கஷ்டப்படுவேன். யார் இத உங்களுக்கு வித்தது?"

நிக்கென் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்டர்நெட்ல வாங்கினேன்," என்றாள்.

நான் அங்கேயே, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு இன்றைக்கும் மன்னிப்பில்லை.

மூன்றே நாளில் அடங்கிவிடும் என்று டாக்டர் சொன்னதுதான் நிக்கெனின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று சாயங்காலமே அவள் தேட ஆரம்பித்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் அலமாரி கலைந்திருக்கும். நான் டப்பாவைத் தையல் மெஷின் பெட்டிக்கு மாற்றுவேன். அங்கே பொத்தான் தேடுகிற சாக்கில் வருவாள். பழைய ரைஸ் குக்கருக்கு மாற்றுவேன். அம்மா அதைத் துடைத்து வெளியே வைப்பாள். கடைசியில் என் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். தூக்கிப் போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். குப்பைத் தொட்டி வரை மூன்று தடவை போனேன். கல்யாணத்தன்று காலையில் முகம் பார்க்கவே முடியாமல் இருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு தடவையும் கை பின்வாங்கியது. எனக்கே இப்படியென்றால் அவளை என்ன சொல்ல?

அதே சமயத்தில் இன்னொரு கவலையும் வந்து சேர்ந்தது. சம்பந்தியம்மா, அதாவது டனாங்கின் அம்மா, சமையலுக்கு ஏற்பாடு பேச வருவதாக இருந்தவர், வரவில்லை. இருமல் என்று தந்த்ரி போனில் சொன்னாள். மூன்று நாள் கழித்துக் கேட்டபோதும் இருமல்.

"அது இருமல் இல்ல," என்றாள் அம்மா. "யாரோ பொண்ணு மூஞ்சியப் பத்தி அங்க போய்ச் சொல்லியிருக்காங்க. பார்னி வாய்தான் தெரியுமே." அன்றிலிருந்து அம்மாவும் தூங்கவில்லை.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்னால் மணப்பெண் அலங்காரம் செய்யும் இபு ஹார்த்தி வந்தார். வயதில் மூத்த பெண்களை நாங்கள் இபு என்றுதான் அழைப்போம். எங்கள் பக்கத்தில் மணப்பெண்ணின் நெற்றி மயிர் ஓரத்தைச் சவரக் கத்தியால் மழித்து, அதன்மேல் கறுப்புக் களிம்பால் வளைவு வளைவாக எழுதுவார்கள். அதை எழுதுவதற்காக இபு ஹார்த்தி நான்கு நாள் நோன்பு இருப்பார். விளையாட்டுக் காரியம் இல்லை. அவர் நிக்கெனின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலை நெற்றிக்கு ஒரு நூல் தள்ளி, தொடாமல் ஓட்டிப் பார்த்தார்.

"இதுல கத்தி வெக்க முடியாதே."

"நீங்க மெல்ல வெச்சா..." என்று இழுத்தாள் அம்மா.

"சீழுக்கு மேல கத்திய ஓட்டுனா நெத்தி முழுக்கப் பரவும். மழிக்காம கறுப்பு நிக்காது. நான் நாப்பது வருஷமா இந்த வேல பாக்கிறேன், ஒரு பொண்ணு நெத்தியிலயும் ரத்தம் பாத்ததில்ல. மங்கல நீராட்டுற அன்னிக்கு வந்து மறுபடி பாப்பேன். அடங்கியிருந்தா மழிப்பேன். இல்லன்னா இல்ல."

அவர் போனதும் அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியில் கறுப்பு நிற்காத மணப்பெண்ணைப் பற்றி எங்களூரில் என்னென்ன கதை கட்டுவார்கள் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பெண் சுத்தமில்லை என்பார்கள். அதைச் சொல்வதற்கு முதல் வரிசையிலேயே ஆள் இருக்கும்.

சிறிது நேரம் கழித்து அம்மா அடுக்களைக்கு வந்து கதவைச் சாத்தினாள். "ரெத்னோ. உன்கிட்ட ஒண்ணு இருக்குதானே?"

"என்னது?"

"குக்கர்ல இருந்துச்சு. பாத்தேன். அவளுக்குக் குடுத்துடு."

"அம்மா! டாக்டர் என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியும்ல?"

"அஞ்சு நாள்தானேடி கேக்குறேன். அப்புறம் எத்தன மாசம் வேணாலும் நான் பாத்துக்கிறேன். நெத்தி ஒண்ணு மட்டும் அடங்கட்டும்." அம்மா என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கெஞ்சினாள். நான் பொரித்துக்கொண்டிருந்த தெம்பே சோயா வில்லைகளைத் திருப்பினேன். ஒரு பக்கம் கரிந்துவிட்டது.

அறைக்குப் போனால் நிக்கென் என் கட்டிலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, டப்பாவக் குடு."

"எந்த டப்பா?"

"நடிக்காத. வீடே ஒரு வாரமா அத வெச்சுக் கண்ணாமூச்சி ஆடுது."

"டாக்டர் சொன்னது காதுல விழலயா?"

"விழுந்துச்சு. மூணு நாள்ல அடங்கும்னாங்க. எனக்கு மூணு நாள் போதும்."

"அப்புறம் ரெண்டு மடங்கா வரும்னாங்களே?"

"வரட்டும். அதுக்குள்ள எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்."

"உனக்கென்ன பைத்தியமா? போட விட மாட்டேன்."

அவள் எழுந்து என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கன்னங்களை நான் அதுவரை பார்க்கவில்லை. பார்க்காமல் சமாளித்துக்கொண்டு வந்திருந்தேன். "சிவந்தா வேல செய்யுதுன்னு அர்த்தம்," என்றாள், அப்படியே என் குரலில். "உரிஞ்சா அழுக்கு போகுதுன்னு அர்த்தம். முதல் மாசம் எரியுதுன்னு நான் அழுதப்ப இதானே சொன்ன? போட்டோ எடுக்கும்போது இது என்னன்னு நீ கேட்டியா? இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு இந்த அக்கற?"

கைப்பையைத் திறந்து டப்பாவை எடுத்துக் கட்டில்மேல் போட்டேன். "இந்தா. உன் முகம். நீயே பாத்துக்க."

அவள் மூடியைத் திருகினாள். அறை முழுக்க ரோஜா வாசனை. ஆள்காட்டி விரலால் ஒரு துளி எடுத்தாள். கன்னத்துக்கு அருகில் கொண்டுபோனாள். பிடுங்கவும் கை வரவில்லை, போடு என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"இத போடலன்னா," என்றாள் மெதுவாக, "நானூறு பேரு முன்னாடி இந்த மூஞ்சியோட நான் உக்காரணும். நீ என் பின்னாடி நல்ல குபாயாச் சட்ட போட்டுக்கிட்டு, பூ வெச்சுக்கிட்டு நிப்ப. அவமானம் எனக்கு மட்டும். உனக்கு ஒண்ணுமே இல்ல."

"நான் என்னடி செய்யணும்?"

அவள் விரலில் இருந்த கிரீமை என் சட்டைத் தோளில் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். "போனை எடு. என்னைப் போட்டோ எடு. உன்கிட்ட வாங்குன அத்தன பேருக்கும் அனுப்பு. எந்த முகத்தக் காட்டி வித்தியோ அதே முகம். நீ அனுப்புனா நான் இத தொட மாட்டேன். கறுப்பு நின்னாலும் நிக்காட்டியும் போய் உக்காருவேன்."

என் பெயர் சோலோவில் நாறிப்போகும். யாராவது போலீசுக்குப் போனாலும் போகலாம். அது எல்லாம் ஒரு கணத்தில் மண்டைக்குள் ஓடியது. இருந்தாலும் போனை எடுத்தேன். திருப்பி வைத்த கண்ணாடிக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, அவள் கண்ணை மூடாமல் நின்றாள். எடுத்தேன்.

"என்னன்னு எழுதறது? எனக்குத் தெரியாம வித்துட்டேன்னு எழுதவா?"

"தெரியாதா உனக்கு?"

தெரியும். என் முகத்தில் அதை நான் ஒரு வாரத்துக்கு மேல் போட்டதில்லை. எரிந்தது, நிறுத்திவிட்டேன். இதை அதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அன்று அவளிடம் சொன்னேன். அவள் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. "அதையும் எழுது," என்றாள்.

எழுதினேன். இது என் தங்கை, நீங்கள் படத்தில் பார்த்த அதே தங்கை. நான் விற்றது இதைத்தான் செய்தது. எரிகிறது என்றவர்களிடம் நான் சொன்னது பொய். எனக்கும் எரிந்தது. தயவுசெய்து தோல் டாக்டரைப் போய்ப் பாருங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். முந்நூறு பேருக்கும் ஒரே தடவையில் போனது.

பதில்கள் வந்து விழுந்தன. ஒருத்தி என் குடும்பமே நாசமாகப் போகட்டும் என்று ஆறு தடவை எழுதினாள். ஒருத்தி எதுவும் எழுதாமல் தன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஒருத்தி, நல்லவேளை, நான் நேற்றுத்தான் ஆரம்பித்தேன் என்றாள். எல்லாவற்றையும் படித்தேன். முதல் தடவையாக ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது: தந்த்ரி. மடியுன். மாதம் மூன்று டப்பா.

அஸ்தக்ஃபிருல்லா! மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்று கூரையைக் காட்டிக் காட்டிக் காப்பாற்றிய முகத்தை நானே மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அழிக்கப் போனேன். படித்துவிட்டதற்கான நீலக் கோடுகள் இரண்டும் வந்துவிட்டன. பதில் இல்லை. அன்று சாயங்காலம் டனாங் அழைக்கவில்லை. மறுநாளும் அழைக்கவில்லை. நிக்கென் அழைத்தால் போன் அணைந்திருந்தது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முகம் கழுவி, ஒத்தி எடுத்து, டாக்டர் தந்த களிம்பைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்தாள். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று மூன்று நாள் எங்களுக்குத் தெரியவில்லை. அம்மா சமையல்காரரிடம் ஆட்டிறைச்சி சொல்லவா வேண்டாமா என்று என்னைக் கேட்பாள், நான் அப்பாவைப் பார்ப்பேன், அப்பா புறாவைப் பார்ப்பார். நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து செருப்பு அறுந்ததுதான் மிச்சம்.

மங்கல நீராட்டு நாளும் வந்தது. கல்யாணத்துக்கு முந்திய நாள். ஏழு கிணற்றுத் தண்ணீரில் பூ மிதக்க, ஏழு பெண்கள் நிக்கெனுக்கு ஊற்றினார்கள். முகத்தில் ஊற்ற வேண்டாம் என்று இபு ஹார்த்தி முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிறகு நெற்றியைப் பார்த்தார். மாத்திரை கொஞ்சம் வேலை செய்திருந்தது. நடுநெற்றி காய்ந்திருந்தது. இடது பக்கம் மட்டும் நான்கு பரு இன்னும் பழுத்து நின்றன.

அவர் கத்தியை உறையில் போட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கத்தரிக்கோல் குடுங்க," என்றார் இபு ஹார்த்தி. "மயிர மட்டும் ஒட்ட வெட்டிவிடறேன், ஓரளவுக்குக் கறுப்பு நிக்கும். நாளைக்கு நடுவுல நிரப்பி எழுதறேன். இடது பக்கம் வெறும் கோடு, அதுவும் பருவத் தொடாம. உள்ள நிரப்ப மாட்டேன்."

"ஐயோ, பாதி நெத்தியா? ஊரு என்ன சொல்லும்?" என்றாள் பார்னி சித்தி.

"ஹார்த்திக்குக் கண்ணு தெரியல, வயசாயிடுச்சுன்னு சொல்லட்டும். நான் சொல்லிக்கிறேன். நீ அந்தப் பூவ அள்ளு."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வர வேண்டும். வருவார்களா? ஐந்து மணிக்கு மேல் நான் வாசலை விட்டு நகரவில்லை. முதலில் ஒரு வண்டி திரும்பியது. பிறகு இன்னொன்று. டனாங் இறங்கினான். மரபுப்படி வாசல் தாண்டாமல் வெளித் திண்ணையில் உட்கார வைக்கப்பட்டான். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அக்கா தந்த்ரி அவன் தோளில் தட்டி அடக்கினாள். கடைசியாகச் சம்பந்தியம்மா இறங்கினார். முகத்தில் பெரிய முகமூடி, அதன்மேல் தலைத்துணியும் இழுத்து விடப்பட்டிருந்தது.

மாப்பிள்ளைதான் பெண்ணைப் பார்க்கக் கூடாது. அவன் வீட்டுப் பெண்கள் பார்க்கலாம். சம்பந்தியம்மா யாரிடமும் பேசாமல் நேராக நிக்கெனின் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அவர் கதவைத் தாழிட்டார். நிக்கென் எழுந்து அவர் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளப் போனாள், பரு நினைவு வந்து நின்றுவிட்டாள்.

சம்பந்தியம்மா முகமூடியைக் கழற்றினார்.

இரண்டு கன்னமும் சிவப்பு. தாடையில் கொத்துக் கொத்தாகப் பரு. அறுபது வயதில்!

"இருமல் இல்லம்மா எனக்கு," என்றார். "ஆபீசுக்கும் இல்ல அந்த மூணு டப்பா. எனக்குத்தான். கல்யாணத்துல நாலு பேரு பாக்கிற மாதிரி இருக்கலாம்னு தந்த்ரிய வாங்கச் சொன்னேன். வீட்ட விட்டு வெளிய வரல மூணு வாரமா. உன் போட்டோவப் பாத்துட்டு ரெண்டு நாள் அழுதேன். டனாங் உங்கிட்ட உளறிடுவான்னு அவன் போனைப் பிடுங்கி வெச்சிருக்கேன்."

நிக்கென் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் தாடை வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். சம்பந்தியம்மாவும் சிரித்தார், அவருக்கும் வலித்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் குரலைத் தாழ்த்தினார். "ரெத்னோ, உன்கிட்ட கடைசியா ஒண்ணு இருக்கா? மறைக்காத. நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும். இன்னிக்குப் போட்டா காலைல சிவப்பாவது எறங்கும்ல? எங்க சொந்தக்காரங்க முன்னாடி நான் எப்படி நிப்பேன்? ஒரே ஒரு நாள்."

நிக்கென் போடாமல் விட்ட டப்பா மறுபடி என் கைப்பையில்தான் இருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் நான் அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை. நிக்கென் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறார், நாளைக்குக் கல்யாணம், நான் செய்த பாவம் அவர் முகத்தில் நிற்கிறது. எப்படி இல்லையென்று சொல்வது?

டப்பாவை வெளியே எடுத்தேன். சம்பந்தியம்மா கையை நீட்டினார். நான் மூடியைத் திருகி, உள்ளே மூன்று விரலை விட்டு, அடி வரைக்கும் வழித்தெடுத்து, பஞ்சும் பூவும் கிடந்த குப்பைக் கூடையில் அப்பினேன். மிச்சத்தையும் வழித்தேன். காலி டப்பாவையும் அதற்குள்ளேயே போட்டேன்.

"மன்னிச்சுக்குங்க இபு. இத இனிமே யாருக்கும் குடுக்கிறதா இல்ல. உங்களுக்கும் இல்ல."

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார், இந்தக் கல்யாணம் என்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன். வெளியே யாரோ சீர்த்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் குப்பைக் கூடையைப் பார்த்தார், நிக்கெனின் நெற்றியைப் பார்த்தார்.

"சரி," என்றார். "நாளைக்கு எனக்குப் பையன் பக்கத்துல நாற்காலி வேண்டாம். வழக்கம் கிடக்கட்டும். பொண்ணுக்குப் பக்கத்துல போடச் சொல்லு. நான் தனியா செவந்து நிக்க மாட்டேன்."

நிக்கென் டாக்டர் தந்த களிம்புக் குழாயை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "வாங்க இபு, முதல்ல மூஞ்சி கழுவலாம். தேய்க்காதீங்க. ஒத்தி எடுக்கணும். அப்புறம் என்ன ஆனாலும் கிள்ளாதீங்க." இருவருமாகத் தொட்டிப் பக்கம் போனார்கள். நான் துண்டை எடுத்துக் கொடுக்கப் போனேன்.

"அக்கா," என்றாள் நிக்கென், திரும்பாமலே. "அந்தக் கையோட எங்களத் தொடாத. கழுவிட்டு வா."

நான் கழுவப் போனேன்.